டீச்சருக்காகச் சொன்ன பதில்கள்

ஜனவரி 6

நூல் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. தையல் கடையில் அளவு குறித்து வைக்க என்று எடுத்து வைத்திருந்தேன். காலையில் அவசரத்தில் பைக்குள் விழுந்து என்னோடு வந்துவிட்டது. செல்போனை வாங்கி வைத்துவிட்டார்கள். பொழுது போகவேண்டுமே, எழுதுகிறேன்.

இன்று ஒன்றிய அலுவலகத்தில் உறுதிமொழி எடுத்தோம். "நான்காவது வார்டு உறுப்பினர் ஆவுடைத்தாய் ஆகிய நான்" என்று மைக்கில் சொல்லும்போது எனக்கே குரல் தழுதழுத்தது. வெளியே வந்தால் வேன் நிற்கிறது. வீட்டுக்குப் போய் இரண்டு சேலை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். "எல்லாம் அங்க இருக்குக்கா, ஏறுங்க" என்றான் தவசி. எங்கள் கனகமணி டீச்சரின் தம்பி. அங்கே என்றால் எங்கேப்பா என்று கேட்டதற்கு வேன் கதவைச் சாத்தினான்.

குற்றாலத்துக்கு வந்திருக்கிறோம். சீசன் இல்லாத நேரம், விடுதியில் எங்களைத் தவிர ஈ காக்கா இல்லை. ஒன்றியத் தலைவர் யார் என்பதை வார்டு உறுப்பினர்கள் பதின்மூன்று பேரும் வருகிற பதினொன்றாம் தேதி ரகசிய ஓட்டுப் போட்டு முடிவு செய்யவேண்டும். எங்கள் பக்கம் தலைவருக்கு நிற்பவர் டீச்சர், அவரையும் சேர்த்து நாங்கள் ஏழு பேர். குவாரிக்காரர் பெண்டாட்டி பக்கம் ஆறு பேர். எங்களில் ஒருவரை அவர்கள் இழுத்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் ஓட்டு நாள்வரை எங்களை இங்கே வைத்துப் பாதுகாக்கிறார்கள். அந்த ஆறு பேரும் இந்நேரம் ஏதாவது மலைமேல் இருப்பார்கள். முன்பெல்லாம் பேப்பரில் இந்த மாதிரிச் செய்தி வந்தால் வாய்விட்டுச் சிரிப்பேன்.

என் அறையில் மாடத்தியைப் போட்டிருக்கிறான். ஆடு வளர்க்கிற குடும்பம், தெருவுக்குக் குடிதண்ணீர் கேட்டுச் சுயேச்சையாக நின்று ஜெயித்தவள். டீச்சருக்கு ஓட்டுப் போடச் சம்மதிக்க வைத்ததே நான்தான். "நீங்க பக்கத்துல இருந்தாத்தான்க்கா அவிய நிப்பாவ" என்று தவசி என் காதில் சொன்னான். பெருமையாகத்தான் இருந்தது.

ஜனவரி 7

காலையில் இட்லி. சாம்பாரில் பருப்பைத் தேடவேண்டியிருந்தது. உடுத்தியிருந்ததைத் துவைத்து முன்பக்க வராந்தாவில் காயப்போட்டேன். தவசி ஓடி வந்து சுருட்டி எடுத்தான். ரோட்டிலிருந்து பார்த்தால் ஆள் இருப்பது தெரியுமாம். குளியலறையில் காய்ந்து இப்போது பாசி வாடை அடிக்கிறது.

பொன்னுலிங்கம் அண்ணாச்சி மத்தியானம் ஆரம்பித்தார். அவரும் எங்கள் ஏழில் ஒருவர்தான். ஆனால் தின்ற சோறு செரிக்க யாரையாவது குறை சொல்லியாகவேண்டும்.

"டீச்சருக்குக் கோவம் ரொம்ப. எம்பேரனச் சொல்லுத மாரி என்னைய 'உக்காருங்க'ன்னு அதட்டுதாவ."

"ஆபீசரையும் அப்படித்தான அண்ணாச்சி அதட்டுதாவ? சுடுகாட்டுப் பாதைக்கு ரோட்டுல உக்காந்தமே, அன்னைக்குத் தாசில்தாரு எந்திரிச்சு நின்னாரா இல்லியா? கோவப்படாத ஆளுதான் வேணும்னா குவாரிக்காரர் வீட்டம்மா இருக்காவ. அவிய வாயத் தொறந்து நாங் கண்டதில்ல. அவிய வீட்டுக்காரருதான் தொறப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி விடவில்லை.

"என்னதான் இருந்தாலும் அசலூர்க்காரிதான?"

"இங்க இருக்க பொம்பளையள்ல எவ உள்ளூர்க்காரி? நான் கட்டி வந்தவ, மாடத்தி கட்டி வந்தவ. வாக்கப்பட்ட ஊருதான் இனி ஒன் ஊருன்னு சொல்லி எங்களக் கூட்டிட்டு வந்ததே நீங்கதான?"

"சரிம்மா, ஜெயிச்ச பெறகு அந்தத் தம்பிக்காரன்தான ஆட்டிவைப்பான்?"

"தம்பி வேன் புடிப்பான், சோறு வாங்கியாருவான். கையெழுத்து டீச்சருதான் போடுவாவ."

இதைச் சொல்லும்போது தவசி வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

தேர்தலில் வீடு வீடாகப் போனபோதும் இப்படித்தான். எந்தக் கேள்வியைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். "ஆவுடை வாயில விழுந்தா மேஜிஸ்ட்ரேட்டே வாபஸ் வாங்கிருவாரு" என்று டீச்சர் சொல்லுவார். நான் வாய்க்காக மட்டும் பேசவில்லை. என் மாமியார் உடம்பை வயல்வரப்பில் சேற்றுக்குள் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவள் நான். அந்தப் பாதையை வாங்கித் தந்தவர் டீச்சர். குவாரியில் வெடி வைத்து வைத்து எங்கள் பக்கம் கிணறெல்லாம் வற்றிப்போனது. அதை நிறுத்துவேன் என்று சொன்ன ஒரே ஆளும் அவர்தான். அவர் வரவேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

ஜனவரி 8

அருவிச் சத்தம் அறைக்குள் கேட்கிறது. மாடத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டாள்.

"எக்கா, நான் குத்தாலத்துல குளிச்சதே இல்ல. ஒரு எட்டுப் போயி தலைய நனைச்சிட்டு ஓடியாந்துருவோமா?"

தவசியிடம் கேட்டேன். ஓட்டு முடியட்டும், பஸ் பிடித்து எல்லோரையும் கூட்டிவருகிறேன் என்றான். அப்படி ஒரு பஸ் வராது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாடத்தி நம்பினாள்.

எங்கள் போன்கள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் அவனிடம் இருக்கின்றன. சாயங்காலம் ஆளுக்கு ஒரு தடவை வீட்டுக்குப் பேசலாம். அதுவும் அவன் முன்னால், ஸ்பீக்கரில் போட்டு. என் மகள் பொங்கல் ஜாக்கெட்டுக்கு ஆட்கள் வந்து திட்டுவதாகச் சொன்னாள். காலர் வைத்த ஜாக்கெட்டை மட்டும் தொடாதே என்றேன். கட்சிக் காரியமாகப் போனவள் காலர் பற்றிப் பேசுகிறாளே என்று அண்ணாச்சி சிரித்தார். தைத்துப் பார்த்தால் தெரியும்.

மாடத்தி வீட்டுக்காரர் குருசாமி தீப்பெட்டியைக் காணவில்லை என்று சண்டை போட்டார். நடுநடுவே இருமல்.

"நீ இப்ப எங்கட்டி இருக்க?"

மாடத்தி தவசியின் முகத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்கேன்" என்றாள்.

"எங்கன்னு கேட்டா நல்லாருக்கேங்க. கிறுக்கி."

போனை வைத்த பிறகும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாயை விரித்தபடி என்னிடம் கேட்டாள். "எக்கா, நாமதான் நல்லவங்க, நம்ம டீச்சரும் நல்லவிய. அப்புறம் எதுக்கு நம்மளப் பூட்டி வெச்சிருக்காவ?"

"பூட்டு நமக்கில்லட்டி, வெளிய இருக்கவனுக்கு. ஒன்னயத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன செய்வ?"

"ஆமா, அதுவும் சரிதான்" என்றாள். அவளுக்குச் சரியாகப்பட்டது. சாவி உள்ளே இருப்பவர்கள் கையில் இல்லையே என்று அண்ணாச்சியாக இருந்தால் திருப்பிக் கேட்டிருப்பார். நல்லவேளை, அவர் பக்கத்து அறையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 9

மாடத்தியின் ஜாக்கெட் அக்குளில் கிழிந்திருந்தது. சமையல்காரரிடம் ஊசி கேட்டு வாங்கித் தைத்துக் கொடுத்தேன். கறுப்பு நூல்தான் கிடைத்தது.

சாயங்காலம் தவசி என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டான். குருசாமிக்கு மூச்சு இளைப்பு அதிகமாகி டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். மாடத்தியின் கொழுந்தன் போன் செய்தானாம்.

"பயப்படும்படி ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாராம்க்கா. அவியட்ட இப்பச் சொன்னா இப்பமே போவணும்னு நிப்பாவ. போனா திரும்பி வர விடுவானுவளா? வாசல்லயே ஆளு போட்டிருப்பானுவ."

"சொல்லாம இருக்க முடியுமாடா?"

"ரெண்டே நாளுக்கா. ஒங்களுக்குச் சொல்லணுமா?"

இளைப்பு அவருக்குப் பழைய சங்கதிதான், மாடத்தியே சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார், கொழுந்தன் இருக்கிறான், நாத்தனார் இருக்கிறாள். இவள் போய் என்ன செய்துவிடப்போகிறாள்? அழுவாள். அழுவதற்காக அந்தக் குவாரியை இன்னும் ஐந்து வருஷம் ஓடவிடுவதா? அவள் தெருவுக்கே தண்ணீர் வராது. நாளைக்கு விஷயம் தெரிந்தால் அவளே, நல்லவேளை சொல்லாமல் இருந்தீர்கள் என்பாள்.

இன்று டவர் இல்லை என்று சொல்லி யாருக்குமே போன் தரவில்லை. அண்ணாச்சி வாயில் வந்ததையெல்லாம் பேசினார். மாடத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். "தீப்பெட்டி கெடச்சிச்சோ என்னமோ" என்றாள்.

தலைவலி. எழுத ஓடவில்லை.

ஜனவரி 10

காலையில் டீச்சர் வந்தார். கட்சி ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைந்து அலைந்து முகம் கறுத்துப்போயிருந்தது. அவரைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்காது, தெரிந்த நிமிஷமே தன் காரிலேயே மாடத்தியை அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"தெரியும் ஆவுடை" என்றார்.

நான் நின்றேன்.

"இப்பப் பரவால்லன்னாங்க. நாளைக்கு ஓட்டு முடிஞ்சதும் நானே என் கார்ல கூட்டிட்டுப் போறேன். ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டேன்."

"டீச்சர், அது அவ புருசன். நாமளா முடிவு பண்ணுத காரியமா?"

"அவ ஒருத்தி போனா ஆறுக்கு ஆறு. அப்புறம் சீட்டுக் குலுக்கிப் பாக்கணும். குலுக்கல்ல அந்தம்மா வந்தா? நீதானே வீடு வீடாப் போய் அந்தக் கிணறுகளக் காட்டினே? நான் என் வாயால யார்கிட்டயும் இவ்வளவு சொல்லல. நீ சொன்னே." அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, அவருக்கு நடிக்கத் தெரியாது. "நீ மட்டும் அவ பக்கத்துல இரு ஆவுடை. நீ இருந்தா அவ தைரியமா இருப்பா."

நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்தான். எதிர்த்துப் பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். அறைக்குப் போய் மாடத்தி, கிளம்பு என்று சொல்லியிருக்கலாம். கதவைத் தட்டி உடைத்திருக்கலாம். கீழே போய்க் காப்பி குடித்தேன்.

மத்தியானம் ஒத்திகை வைத்தான் தவசி. துண்டுச் சீட்டில் இரண்டு பேர் பெயரும் எழுதியிருந்தது. மறைவாகப் போய்ப் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, மடித்து, எவர்சில்வர் தூக்குவாளியில் போடவேண்டும். செல்லாத ஓட்டு விழுந்துவிடக்கூடாது என்பதற்காக. டீச்சரும் போட்டார். எண்ணிப்பார்த்தால் டீச்சருக்கு ஆறு, குவாரிக்காரர் பெண்டாட்டிக்கு ஒன்று.

தவசி நேராக மாடத்தியிடம் போனான். கட்சிக்காரர்கள் யாரும் போட்டிருக்க மாட்டார்களாம், சுயேச்சைதான் போட்டிருக்கவேண்டுமாம்.

"எவ்வளவு தாறேன்னான் அவன்?"

"ஐயோ தம்பி, எங் கண்ணாண நான் டீச்சருக்குத்தான் போட்டேன். எக்கா, நீங்க சொல்லுங்களேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சிகூட "அவ அப்படிப்பட்டவ இல்லப்பா" என்றார். நான் சொல்லவில்லை. தவசி சமையல்கட்டிலிருந்து தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்தான். டீச்சர் "டேய், வேண்டாம்டா" என்பதற்குள் மாடத்தி உள்ளங்கையால் அதை அணைத்து, தன் வீட்டுக்காரர் மேல் சத்தியம் செய்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தாள்.

பற்பசை தடவி விட்டேன். எரிகிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றாள்.

அந்தச் சீட்டு யார் போட்டது என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. ஒத்திகையில் விழுந்த ஓட்டுத்தானே. அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை.

ஜனவரி 11

ஏழுக்கு ஆறு. டீச்சர் ஜெயித்தார். நானும் டீச்சருக்குத்தான் போட்டேன்.

மற்றதை இன்று எழுத முடியாது.

ஜனவரி 12

நேற்று ஓட்டு எண்ணி முடிந்ததும் அலுவலக வாசலில் வெடி போட்டார்கள், மாலை போட்டார்கள். மாடத்திக்கும் ஒன்று விழுந்தது, பெரிய சம்பங்கி மாலை. அவளுக்கு அது முட்டிவரை தொங்கியது. டீச்சர் சொன்ன சொல் மாறவில்லை. மேடைப் பேச்சுக்கூடப் பேசாமல் மாடத்தியையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். "ஒன் வீட்டுக்காரருக்கு ஒடம்புக்குக் கொஞ்சம் முடியலையாம் மாடத்தி, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

"இளைப்பா இருக்கும் டீச்சர். மார்கழிப் பனி ஒத்துக்கிடாது அவுகளுக்கு" என்றாள் மாடத்தி. பெரிதாகப் பயப்படவில்லை. மாலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊர் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் டீச்சர் திரும்பினார். "மாலையக் கழட்டிரு மாடத்தி. கழுத்து அரிக்கும்."

"இருக்கட்டும் டீச்சர். அவுகட்டக் காட்டணும்."

டீச்சர் தன் கையாலேயே அதை அவள் தலைவழியாகக் கழற்றினார். சுருட்டி முன்சீட்டுக்கு அடியில் தள்ளினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிவிடலாம் என்று இருந்தது. நடுவில் மாடத்தி உட்கார்ந்திருந்தாள், அந்தப் பக்கம் டீச்சர், இந்தப் பக்கம் கதவு. உட்கார்ந்தே இருந்தேன்.

தெருவில் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள். சங்குச் சத்தம் கார் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. மாடத்தி முதலில் "யாரு வீட்டுலக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

அவள் போட்ட சத்தத்தை எழுத என்னால் ஆகாது.

ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். கண்ணாடி மேல் விழுந்து கிடந்தவளை நாத்தனார்க்காரி தோளைப் பிடித்து உலுக்கினாள். "நேத்து விடியக்காலம் போன உசுருட்டி! எந்தம்பி சாவக் கெடக்கையில குத்தாலத்துல போயி கூத்தடிச்சியோ? எத்தன போனு அடிச்சோம், எடுத்தியா நீ?"

அவள் சொன்ன நேற்று விடியற்காலம் என்றால் பத்தாம் தேதி. டீச்சர் என்னிடம் பரவாயில்லை என்று சொன்னபோது அவர் செத்து ஐந்தாறு மணி நேரம் ஆகியிருக்கவேண்டும். மத்தியானம் தன் புருஷன் மேல் கையடித்துச் சத்தியம் செய்தபோது அவள் தாலி அறுத்தவள். டீச்சருக்கு அப்போதே தெரியுமா, தவசி அவரிடமும் மறைத்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. கேட்டால் அவர் ஒரு பதில் சொல்லுவார், அது சரியாகவும் இருக்கும்.

கூட்டம் டீச்சர் பக்கம் திரும்பியது. "பதவிக்காவப் பொம்பளைய அடைச்சு வெச்சிட்டு ஜெயிச்ச பெறகு வாறாவ பாரு" என்று ஒருவன் கத்தினான். கல்லை எடுத்தவனையும் பார்த்தேன். டீச்சர் கைகூப்பியபடி நின்றார். வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

மாடத்திதான் எழுந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. அழுது அழுது குரல் போயிருந்தது. அந்தக் குரலில் அவ்வளவு தெளிவாக அவள் பேசுவாள் என்று நான் நினைக்கவில்லை.

"டீச்சர ஒரு சொல்லு சொல்லாதிய. அவியளுக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒடனே வெற்றிக் கூட்டத்த விட்டுட்டு என்னையத் தூக்கிட்டு ஓடியாந்துருக்காவ, பாக்கலியா நீங்க? டவரு கெடைக்கல, எனக்கு மட்டுமில்ல, ஒருத்தருக்கும் கெடைக்கல. யாரும் என்னைய அடைச்சு வெக்கல. நாந்தான் இருந்தேன்."

"எவளோ ஒருத்திக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?" என்றாள் நாத்தனார்.

"ஆவுடையக்கா எங்கூடவே படுத்திருந்தாவ. எங் கிழிஞ்ச ஜாக்கெட்டத் தச்சுக் குடுத்தவிய. அவியளுக்குத் தெரிஞ்சா எங்கிட்டச் சொல்லாம இருப்பாவளா? கேட்டுப் பாருங்க. எக்கா, சொல்லுங்க."

தெருவே என்னைப் பார்த்தது. நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம், தெரியும் என்று சொன்னால் அந்தக் கல் டீச்சர் மேல் விழும், குவாரி ஓடும், மாடத்திக்கு நம்புவதற்கு ஒரு ஆளும் மிஞ்சாது. எல்லாக் காரணங்களும் ஒரு நொடியில் வரிசையாக வந்து நின்றன. எனக்கு எப்போதும் அப்படித்தான் வரும்.

"எனக்கும் தெரியாது" என்றேன். "தெரிஞ்சிருந்தா மாடத்தியட்டச் சொல்லிருக்க மாட்டேனா?"

குரல் துளியும் நடுங்கவில்லை. நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கல் எடுத்தவன் அதைக் கீழே போட்டான். யாரோ டீச்சருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

மாடத்தி என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். எடுக்கிறவரைக்கும் என் கையை விடவே இல்லை.